புலங்களைச் சரிபார்க்கக் கற்பிக்காத பாடம் பாதிப் பாடமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் நிரல் மொழிகளை எளிய தமிழில் கற்பிக்கும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அண்மையில் தரவுக் கட்டமைப்புகளைப் பற்றிய பகுதியில், பெயர், வயது, மின்னஞ்சல் ஆகிய மூன்று புலங்களைக் கொண்ட ஒரு ஸ்ட்ரக்டை, அதாவது பல புலங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் கட்டமைப்பை, வரையறுப்பது எப்படி என்று தெளிவாக விளக்கியிருந்தார்கள். ஆனால், ஒவ்வொரு புலத்துக்கும் வகையைக் குறித்துவிட்டால் தவறான தரவு உள்ளே நுழையாது என்ற பொருள்பட அந்தப் பகுதி முடிந்திருந்தது. விளக்கம் முழுவதும் பாராட்டத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த முடிவு மட்டும் உண்மைக்கு மாறானது. புதிதாக நிரல் எழுதக் கற்பவர்கள் அதை நம்பிவிட்டால் பின்னாளில் அவர்கள் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துவோர்தாம் அதன் விளைவைச் சுமக்க நேரும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வகை என்பது ஒரு புலத்தில் எந்த இனத்து மதிப்பு இருக்கலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. வயது என்ற புலம் முழு எண் என்று அறிவிக்கப்பட்டால், கழித்தல் ஏழும் நாலாயிரமும் அந்த அறிவிப்புக்கு முற்றிலும் உடன்பட்ட மதிப்புகளே. மின்னஞ்சல் என்ற புலம் சரம், அதாவது எழுத்துகளின் தொடர், என்று அறிவிக்கப்பட்டால், ஒன்றுமே இல்லாத வெற்றுச் சரமும் சரமே. பைத்தானில் நிலைமை இன்னும் தளர்வானது. 2018இல் வெளிவந்த 3.7 பதிப்பில் சேர்க்கப்பட்ட டேட்டாகிளாஸ் வசதியைப் பயன்படுத்தி வயதை முழு எண் என்று குறித்துவிட்டு, அதே புலத்தில் "முப்பது" என்ற சரத்தை வைத்தாலும் நிரல் ஓடும்போது மொழி எந்தத் தடையும் சொல்லாது. அங்கே வகைக் குறிப்பு என்பது வாசிப்பவருக்கும் தனியாக இயக்கப்படும் சோதனைக் கருவிகளுக்குமான குறிப்பே.

இது மொழிகளால் செய்யவே முடியாத காரியம் அல்ல. நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியிலேயே 0 முதல் 130 வரை என்று எல்லை கட்டி ஒரு வகையை உருவாக்கலாம். அதன் வழிவந்த ஏடா மொழி அந்த எல்லையை ஓட்டத்தின்போதும் கண்காணித்து, எல்லை மீறிய மதிப்பை வைக்க முயன்றால் அந்த இடத்திலேயே பிழையை எழுப்பும். பின்னாளில் பெரும்பான்மையோர் புழங்கும் மொழிகளில் பலவற்றில் இந்த வசதி இடம்பெறவில்லை. அந்தப் பொறுப்பு நிரலாளரிடமும் அவர் தேர்ந்துகொள்ளும் நூலகங்கள் எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்புகளிடமும் வந்து சேர்ந்துவிட்டது. பொறுப்பு தன்னிடம் வந்திருக்கிறது என்று அவருக்கு யாரேனும் சொல்ல வேண்டாமா?

கோ மொழியை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தங்கள் தொடரின் எடுத்துக்காட்டுகள் பலவும் அந்த மொழியிலேயே அமைந்துள்ளன. கோ மொழியில் மதிப்புக் கொடுக்கப்படாத புலம் எதுவும் வெறுமையாக இருப்பதில்லை. எண்ணுக்குச் சுழியம், சரத்துக்கு வெற்றுச் சரம், மெய் அல்லது பொய் மட்டுமே ஏற்கும் பூலியனுக்குப் பொய் என்று ஒவ்வொரு வகைக்கும் உரிய சுழிய மதிப்பு தானாகவே வந்து அமரும். நினைவகத்தில் குப்பை மதிப்பு கிடப்பதைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் வெளியிலிருந்து ஜேசன் எனப்படும் தரவுப் பரிமாற்ற வடிவில் தரவு வரும்போது, "எண்ணிக்கை" என்ற புலத்தை அனுப்பியவர் மறந்து விட்டுவிட்டாரா, அல்லது வேண்டுமென்றே சுழியம் என்று அனுப்பினாரா என்ற வேறுபாடு கட்டமைப்புக்குள் நுழைந்த கணத்திலேயே அழிந்துபோகிறது. அதன் பிறகு எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் அந்தத் தகவலை மீட்க முடியாது.

அம்மொழியில் பலரும் பயன்படுத்தும் வேலிடேட்டர் நூலகத்தில், புலத்துக்கு அருகே டேக் எனப்படும் குறிப்புச் சரத்தில் "ரிக்கொயர்ட்" என்று எழுதினால் அந்தப் புலம் கட்டாயம் என்று பொருள். ஆனால் அந்த விதி உண்மையில் சோதிப்பது, புலத்தில் சுழிய மதிப்பு அல்லாத வேறொன்று இருக்கிறதா என்பதையே. விளைவாக, "விதிமுறைகளை ஏற்கிறீர்களா" என்பது போன்ற ஆம்-இல்லை வினா ஒன்றைப் பூலியன் புலமாக வைத்து அதன் மேல் இந்த விதியை எழுதினால், "இல்லை" என்று முறையாகப் பதில் சொன்னவரிடமே "நீங்கள் பதில் சொல்லவில்லை" என்று நிரல் முறையிடும். இதற்குரிய தீர்வு, அந்தப் புலத்தைப் பாயின்டராக, அதாவது மதிப்பு இருக்கும் நினைவக இடத்தைச் சுட்டும் புலமாக, அறிவிப்பது. அப்போது தரப்படாத புலம் எதையும் சுட்டாத நிலையைக் குறிக்கும் "நில்" (nil) என்றும், தரப்பட்ட சுழியமும் பொய்யும் தம் உண்மை மதிப்புடனும் தனித்தனியே நிற்கும். மூன்று வரிகளில் சொல்லிவிடக்கூடிய இச்செய்தியை அறியாமல் மணிக்கணக்கில் தடுமாறும் இளையவர்களை நான் பணியிடத்தில் அடிக்கடி பார்க்கிறேன்.

டேக் முறைக்கு வேறொரு பலவீனமும் உண்டு. நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரைப் பொறுத்தவரை அது வெறும் சரம். விதியின் பெயரைத் தவறாக எழுதினால் நூலகம் ஓட்டத்தின்போதாவது கூச்சலிடும். ஆனால் நூலகம் தேடும் சாவிச்சொல்லையே ஓர் எழுத்து மாற்றி எழுதிவிட்டால், அங்கே விதி எதுவும் இல்லை என்று கருதி அது அமைதியாகக் கடந்துவிடும். கட்டமைப்புக்குள் வேறு கட்டமைப்புகளின் பட்டியல் இருக்கும்போது, பட்டியலுக்குள் இறங்கிச் சோதிக்குமாறு "டைவ்" என்ற விதியைத் தனியாக எழுதவில்லை என்றால், உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பும் சோதனையின்றியே தேறிவிடும். நிரலை வாசிப்பவருக்கோ எல்லாப் புலங்களுக்கும் விதி எழுதப்பட்டிருப்பதாகவே தோன்றும். தவறான உள்ளீட்டைக் கொடுத்து, அது மறுக்கப்படுவதை உறுதி செய்யும் சோதனை நிரலை எழுதினால்தான் இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியும். சரியான உள்ளீடு ஏற்கப்படுகிறது என்று காட்டும் சோதனைகள் எத்தனை இருந்தாலும் இங்கே பயனில்லை.

ஜாவாவிலும் இதே போன்ற நுட்பங்கள் உள்ளன. 2009இல் ஜேஎஸ்ஆர் 303 என்ற எண்ணில் வரையறுக்கப்பட்ட பீன் வேலிடேஷன் அம்மொழியில் இதற்கென்றே உள்ள பொது முறை. அதில் ஒரு சரத்தின் நீளம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று "சைஸ்" விதியை எழுதிய பலரும், மதிப்பே இல்லாமையைக் குறிக்கும் "நல்" (null) அந்த விதியில் தேறிவிடும் என்பதை அறிவதில்லை. இல்லாமையைத் தடுக்க "நாட்நல்" என்பதைத் தனியே எழுத வேண்டும். அந்த "நாட்நல்" விதியோ வெற்றுச் சரத்தை அனுமதிக்கும்; வெற்றுச் சரத்தைத் தடுக்கும் "நாட்எம்ப்டி", வெறும் இடைவெளிகளால் ஆன சரத்தை அனுமதிக்கும். இவை ஒவ்வொன்றும் ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டுள்ளவை, யாரும் மறைக்கவில்லை. ஆனால் பெயரைப் பார்த்துப் பொருளை ஊகிக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருப்பதால், ஆசிரியர் சொல்லித் தர வேண்டியவையாக இவை இருக்கின்றன.

இதுவரை சொன்னவை தனித்தனிப் புலங்களைப் பற்றியவை. பெருஞ்சேதம் விளைவித்த பிழைகள் பலவும் ஒரு புலத்துக்கும் இன்னொரு புலத்துக்கும் இடையே இருக்க வேண்டிய உறவைச் சோதிக்காமல் விட்டதால் நேர்ந்தவை. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையை இதற்கு மிகச் சிறந்த பாடமாகக் கருதுகிறேன். இணைய இணைப்புகளை மறையாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு பக்கம் சிறு செய்தியை அனுப்பும். மறுபக்கம் அதே உள்ளடக்கத்தை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியின் கட்டமைப்பு மிக எளிது: வகையைக் குறிக்க 1 பைட், உள்ளடக்கத்தின் நீளத்தைக் குறிக்க 2 பைட், பிறகு உள்ளடக்கம், இறுதியில் குறைந்தது 16 பைட் நிரப்பல். நீளப் புலம் இரண்டு பைட் என்பதால் அதில் 65,535 வரை எந்த எண்ணையும் எழுதலாம்; வகையளவில் எல்லாமே செல்லுபடியாகும். ஒருவர் ஒரே ஒரு பைட் உள்ளடக்கத்தை அனுப்பிவிட்டு நீளப் புலத்தில் 65,535 என்று எழுதினால், நூலகம் அந்த எண்ணை நம்பி, தன் நினைவகத்தில் அந்த ஒரு பைட்டைத் தொடர்ந்து கிடந்தவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 64 கிலோபைட்டைத் திருப்பி அனுப்பியது. கடவுச்சொற்களும் மறையாக்கச் சாவிகளும் அங்கே கிடந்திருக்கக்கூடும்.

என் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான்: இந்தச் செய்தி முறையை வரையறுத்து 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6520 என்ற இணையத் தர ஆவணத்தில், நீளப் புலத்தின் மதிப்பு அளவுக்கு மீறி இருந்தால் அந்தச் செய்தியைப் பதிலின்றி நிராகரிக்க வேண்டும் என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. விதி இருந்தது, நிரலில் அது இடம்பெறவில்லை. திருத்தத்தின் மையம் ஒரே ஒரு ஒப்பீடு. ஒன்று, இரண்டு, சொல்லப்பட்ட நீளம், பதினாறு ஆகியவற்றின் கூட்டுத்தொகை, உண்மையில் வந்து சேர்ந்த பதிவின் நீளத்தை விஞ்சினால் செய்தியைக் கைவிட வேண்டும் என்பதே அது. ஸ்ட்ரக்டைக் கற்பிக்கும் நாளிலேயே இந்த ஒரு வரியையும் மாணவருக்குக் காட்டலாம்.

புலங்களின் எண்ணிக்கையே பிசகியதற்கும் சான்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த உள்ளடக்கப் புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ஒரு வார்ப்பு 21 உள்ளீட்டுப் புலங்கள் உண்டு என்று வரையறுத்திருந்தது. அதற்கு மதிப்புகளை வழங்கிய நிரலோ 20 மட்டுமே வழங்கியது. அதுவரை 21ஆம் புலத்தில் எதையும் ஏற்கும் பொதுக்குறியே இருந்ததால் எவரும் அதைத் தொடவில்லை. புதிய உள்ளடக்கம் அந்தப் புலத்தை உண்மையிலேயே ஒப்பிட முனைந்தபோது, நிரல் இல்லாத இடத்தைப் படிக்கப் போய் வீழ்ந்தது. அந்நிறுவனத்தில் சரிபார்ப்பான் ஒன்று இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதுவும் 21 மதிப்புகள் வரும் என்ற அதே அனுமானத்தின் மேல் நின்று புதுப்பிப்பைத் தேறச் செய்தது. கட்டமைப்பின் வரையறை ஓரிடத்திலும், அதை நிரப்பும் நிரல் வேறிடத்திலும், அதைச் சோதிக்கும் நிரல் மூன்றாவது இடத்திலும் தனித்தனியே வளர்ந்தால் அவை என்றேனும் ஒருநாள் முரண்படும்.

இங்கேதான் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து வருகிறது. சரிபார்ப்பு, கட்டமைப்பு பிறக்கும் இடத்திலேயே, ஒரே இடத்தில் நிகழ வேண்டும். தவறான புலங்களைக் கொண்ட மதிப்பு நிரலுக்குள் உருவாகவே வழி இருக்கக் கூடாது. பல நிரல்களில் நான் காண்பது இதற்கு நேர்மாறானது. கட்டமைப்பு எவர் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் நிரப்பத் திறந்து கிடக்கும். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு சார்பும் (ஃபங்ஷன்) தன் பங்குக்கு "வயது சுழியத்துக்கு மேல் இருக்கிறதா" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளும். ஓரிடத்தில் எல்லை 120 என்றும், இன்னோரிடத்தில் 130 என்றும், வேறோரிடத்தில் எல்லையே இல்லாமலும் இருக்கும். புதிதாக வருபவர் இவற்றில் எது விதி என்று அறிய வழியில்லை.

ரஸ்ட் மொழியில் ஸ்ட்ரக்டின் புலங்கள், வெளியே திறக்காவிட்டால், அந்தத் தொகுதிக்குள் மட்டுமே தெரியும். ஆகவே, உருவாக்கும் சார்பு ஒன்றை மட்டும் வெளியே காட்டி, அது வெற்றியையோ பிழையையோ திருப்பித் தருமாறு எழுதினால், வெளியே கைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு மதிப்பும் சோதிக்கப்பட்டதாகவே இருக்கும். ஜாவாவில் 2021இல் 16ஆம் பதிப்பில் நிலைபெற்ற ரெக்கார்டு வசதியில், மதிப்பை உருவாக்கும் சுருக்கக் கன்ஸ்ட்ரக்டருக்குள் நிபந்தனைகளை எழுதினால் அவற்றைத் தாண்டி அந்த ரெக்கார்டைப் புதிதாக உருவாக்க இயலாது; புலங்களை மறுபடி மாற்றவும் இயலாது. பைத்தானில் உறைந்த டேட்டாகிளாசும், உருவானவுடன் ஓடும் போஸ்ட்இனிட் முறையும் ஏறத்தாழ இதே பயனைத் தரும். தரவுச் சரிபார்ப்புக்கான பைடான்டிக் நூலகம் இதை இன்னும் எளிதாக்குகிறது. கோ மொழியில் புலங்களைச் சிற்றெழுத்தில் தொடங்கி மறைத்துவிட்டு உருவாக்கும் சார்பை எழுதலாம் என்றாலும், வகையின் பெயர் வெளியே தெரியும் வரை வேறு தொகுதியிலிருந்து வெற்றுக் கட்டமைப்பை எவரும் உருவாக்கிவிட முடியும். அந்த மொழியில் எழுதுவோர் சுழிய மதிப்பே பொருளுடையதாக இருக்குமாறு கட்டமைப்பை வடிவமைப்பதில் கூடுதல் கவனம் செலுத்துவது இதனால்தான்.

அளவுகளைக் குறிக்கும் புலங்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1999 செப்டம்பரில் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததற்குக் காரணம், உந்துவிசைத் தாக்கத்தை ஒரு மென்பொருள் பவுண்டு-விசை விநாடியில் எழுத, மற்றொன்று அதை நியூட்டன் விநாடி என்று வாசித்ததே. எண் மட்டும் கொண்ட புலத்தை எந்த எல்லைச் சோதனையும் காப்பாற்றியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அலகையும் தன்னுள் கொண்ட தனி வகையாக அந்தப் புலம் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்திராது.

இதற்கு மறுப்பாக வழக்கமாகச் சொல்லப்படுபவற்றையும் பார்க்க வேண்டும். உலாவியில் உள்ள படிவமே சோதித்துவிடுகிறதே என்பார்கள். அந்தச் சோதனை நிரப்புபவரின் வசதிக்கானது. படிவத்தைத் திறக்காமலேயே கோரிக்கையை நேரடியாக எவரும் சர்வருக்கு அனுப்பலாம். தரவுத்தளத்தில் "நல்" மதிப்புக்கான தடையும், மதிப்பைச் சோதிக்கும் "செக்" நிபந்தனையும் இருக்கின்றனவே என்பார்கள். அவை கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் பிழை அங்கே பிடிபடும்போது பாதி வேலை முடிந்திருக்கும். பயனருக்குச் சொல்வதற்குத் தெளிவான செய்தியும் இருக்காது. சோதனைகள் வேகத்தைக் குறைக்கும் என்ற கவலைக்கு, பத்து இடங்களில் செய்வதை ஓரிடத்தில் செய்தால் வேலை குறையவே செய்யும் என்பதே என் விடை.

மறுபுறம், சரிபார்ப்பு என்ற பெயரில் நியாயமான தரவை மறுப்பதும் பிழையே. தமிழில் எழுதும் நமக்கு இது நேரடியாகத் தெரியும். பெயர்ப் புலத்தில் எழுத்துகள் மட்டும் இருக்க வேண்டும் என்று பைத்தானின் இஸ்ஆல்ஃபா முறையால் சோதித்தால், "கி" என்ற ஓரெழுத்தே தோல்வியுறும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடில் அது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் அடங்காமல் குறி என்ற வகையில் அடங்குவதால், அவை இடம்பெறும் எந்தப் பெயரும் தேறாது. நீளத்தை அளக்கும்போதும் இதே சிக்கல். அந்த ஓரெழுத்தின் நீளம் பைத்தானில் 2, கோ மொழியின் லென் சார்பில் 6, ஏனெனில் அது, யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையின் பைட்டுகளை எண்ணுகிறது. "பெயர் 20 எழுத்துக்கு மிகாமல்" என்ற விதியை பைட்டுகளில் அளந்தால், ஆங்கிலப் பெயருக்கு 20 எழுத்து இடம் கிடைக்கும்போது தமிழ்ப் பெயருக்கு மூன்று நான்கு எழுத்துகளுக்கே இடம் கிடைக்கும். தேவநாகரி, தாய்லாந்து எழுத்து போன்ற பிற எழுத்து முறைகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. எனவே, எதை எண்ணுகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே எல்லையை எழுத வேண்டும். பெயரைப் பொறுத்தவரை வெறுமையாக இல்லாமையும், கட்டுப்பாட்டுக் குறிகள் இல்லாமையும், தாராளமான நீள எல்லையும் போதும் என்பது என் கருத்து.

பிழைச் செய்தியைப் பற்றியும் ஒரு சொல். முதல் பிழையைக் கண்டவுடன் நின்றுவிடாமல் எல்லாப் புலங்களையும் சோதித்து, எந்தப் புலம், பட்டியலில் எத்தனையாவது உறுப்பு, எந்த விதி மீறப்பட்டது என்பவற்றை ஒருசேரத் தெரிவிப்பதே நிரப்புபவருக்குச் செய்யும் மரியாதை. மறுக்கப்பட்ட மதிப்பைப் பதிவேட்டில் எழுதும்போது கடவுச்சொல் போன்ற புலங்களை விலக்க வேண்டும்.

தங்கள் தொடரை எழுதுவோரிடம் நான் வேண்டுவது இரண்டு. முன்பு வெளியான அந்தப் பகுதிக்கு ஒரு திருத்தக் குறிப்பை வெளியிட்டு, வகையை அறிவிப்பதும் மதிப்பைச் சரிபார்ப்பதும் வேறுவேறு வேலைகள் என்பதைத் தெளிவுபடுத்துங்கள். இனி வரும் பகுதிகளில் கட்டமைப்பு ஒன்றை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், அதை உருவாக்கும் சார்பையும், அந்தச் சார்பு மறுக்க வேண்டிய உள்ளீடுகள் இரண்டு மூன்றையும், அவற்றுக்கான சோதனை நிரலையும் அதே பக்கத்தில் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாதென்றால் அலங்காரப் படத்தைச் சற்றுச் சிறிதாக்கிக்கொள்ளலாம்; வாசகர்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்களுள் ஒருவரான மென்பொருள் நிரலாளர்